திம்மிரி அம்மாவின் முதுகில் ஒரு துணி கிளிப்

தன் முதுகையே மரத்துப்போகச் செய்துகொண்டு வார்டு வார்டாகச் சுற்றிய டாக்டர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருப்பதியில், எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் அவர் திம்மிரி அம்மாதான். தெலுங்கில் திம்மிரி என்றால் மரத்துப்போவது. இது தெரியாத வேலூர்ப் பக்கத்து ஜனங்கள், "அந்தம்மாவுக்கு இன்னா சார், அவ்ளோ திமிரா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள். குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்கிற அந்த இடத்தில், தமிழ்க் குடும்பங்களுக்கு விஷயங்களை விளக்கிச் சொல்வது என் வேலை. பாதி நாள் இந்தத் திமிரை விளக்குவதிலேயே போகும்.

மயக்க மருந்து கொடுப்பது அவர் உத்தியோகம். ஆனால் ஆபரேஷன் முடிந்து விழிக்கிற குழந்தை வலியில் அழுதால், தன்னை யாரோ திட்டிவிட்டதுபோல் முகம் சிவந்துவிடும். கேன்டீனில் பரோட்டா வாங்கினால் சாப்பிடமாட்டார். அடுக்கடுக்காகப் பிரித்து, "இது தோலு, இது தசை. மருந்து இந்தச் சந்துல போவணும்" என்று ஸ்பூனால் குத்திக் காட்டுவார். குருமா ஆறிவிடும். மரத்துப்போன இடத்தில் ஜில்லென்று தெரியாதாம். அதைச் சோதிக்கக் கோட்டுப் பையில் எப்போதும் ஐஸ் கட்டி வைத்திருப்பார். அவர் போன வழியெல்லாம் சொட்டும். துடைக்கிற அம்மாள் பின்னாலேயே முனகிக்கொண்டு போவாள்.

ஒருநாள் நகரியிலிருந்து விசைத்தறி ஓட்டும் குமாரும் அவர் மனைவி செல்வியும் வந்தார்கள். மகள் மோனிஷாவுக்கு நான்கு வயது, இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குக் குமார் சம்மதித்தார். முதுகில் ஊசி என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"முதுவுல ஊசி குத்தினா காலு வராதுன்றாங்க சார். வேணாம்."

திம்மிரி அம்மா பொறுமையாகச் சொன்னார்: "பயப்படாத நைனா. பாப்பா தூங்கினப்புறம்தான் போடுவேன். ஸ்கேன்ல பாத்துக்கினே, முதுகெலும்புக்குப் பக்கத்துத் தசைக்கு அடியில. தண்டுவடத்துல கெடயாது. நெஞ்சுக்குப் போற நரம்பு மட்டும் கொஞ்ச நேரம் மரத்துக்கும். எழுந்தப்போ வலி கம்மியா இருக்கும்."

"உங்களுக்கு யாராச்சும் போட்டாங்களா?"

நான் பெருமூச்சு விட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது.

அரைமணி நேரத்தில் திம்மிரி அம்மா கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். ஜூனியர் டாக்டரை மிரட்டி, அதே ஊசியைத் தன் முதுகில் போடவைத்திருந்தார். பின்னால் அந்த ஜூனியர், வேலை போய்விட்ட முகத்தோடு நின்றார்.

"செல்வி, கிள்ளும்மா."

செல்வி கிள்ளினாள். "தெரியல. நல்லா கிள்ளு!" இன்னும் கிள்ளினாள். கடைசியில் தன் பையிலிருந்து துணி காயப்போடும் கிளிப்பை எடுத்து, ரவிக்கைக்குக் கீழே கவ்வவிட்டாள். திம்மிரி அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்களை மாறி மாறித் தூக்கிக் காட்டினார். "காலு வருதா, வரலையா?"

"வருதும்மா, வருது," என்று குமார் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் பெரிய சர்ஜன் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு இந்த ஊசியே பிடிக்காது. ஆபரேஷன் தொடங்கக் கால்மணி தாமதமாகிறது என்று சண்டை. திம்மிரி அம்மா அப்படியே போனார். பத்து நிமிடம் காரசாரமாக வாதாடிவிட்டு வெளியே போகத் திரும்பியபோது, சர்ஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"டாக்டர்... உங்க முதுகுல ஏதோ கிளிப் தொங்குதே?"

திம்மிரி அம்மா பின்னால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டடம் அதிரக் கத்தினார். "பாத்தீங்களா சார்! எனக்கே தெரியல!"

ஆண்டுக்கணக்காகச் சிரிக்காதவர் என்று பெயரெடுத்த சர்ஜன் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிம்மா. கால்மணி நேரம் எடுத்துக்கோங்க. முதல்ல அதைக் கழட்டுங்க."

மோனிஷாவின் ஆபரேஷன் அன்று குமாரால் உட்கார முடியவில்லை. செல்வியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு என்னென்ன நேர்ந்தாளோ. மாலையில் மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் வைத்திருந்த குழாயை எடுத்ததும் செல்வியையும் என்னையும் உள்ளே அழைத்தார்கள். குழந்தை கண்ணைத் திறந்தது. எல்லோரும் அழுகைக்குக் காத்திருந்தோம். திம்மிரி அம்மா பைக்குள் ஐஸ் கட்டியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மோனிஷா கூரையைப் பார்த்தாள். செல்வியைப் பார்த்தாள். "பசிக்குது. இட்லி கீதா?" என்றாள்.

திம்மிரி அம்மா வெளியே ஓடிப்போய், ஈரக் கையால் யார் யார் கையையோ பிடித்துக் குலுக்கினார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். மோனிஷா நடைபாதையில் ஓடினாள். சர்ஜனுக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒரு சிரிப்பு. திம்மிரி அம்மா குனிந்து, "என்னத் தெரியுதா பாப்பா?" என்றார்.

மோனிஷா உற்றுப் பார்த்தாள். "இல்ல. யாரு நீ?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. திம்மிரி அம்மாவோ இரண்டு கையையும் தட்டினார். "அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே நெனப்பில்லையாம்!" என்று ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னார்.

இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார். குழந்தைகள் அவரை மறந்தால் மறக்கட்டும், அவருக்கு அதுதான் சந்தோஷம். என்னால்தான் அவரை மறக்க முடியவில்லை.