பதினேழாம் கேள்வியின் சொந்தக்காரி

டயகம,
ஞாயிறு காலை

அன்புத் தம்பி விஜிதரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் சுலக்ஷனாவும் பிள்ளையும் கொழும்பு வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம், மழையும் சுகம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடுவதாக இல்லை. வட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், நீ அனுப்பிய புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். குளிரில் பேனா எழுதவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிய பிறகுதான் பெயர் முழுதாக வந்தது. வலப்பனை ஆசிரியர் செல்லசாமி சேரின் பக்கத்தை இணையத்திலிருந்து நீக்க அந்த ஒரு கையெழுத்துப் போதும் என்றாய். போட்டுவிட்டேன். ஆனால் போடுவதற்கு ஒரு வாரம் ஏன் ஆனது என்று கேட்டாயே, அதைச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடமாக மாதாமாதம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் எழுதி, நீ செய்து தந்த இணையத்தளத்தில் இலவசமாகப் போட்டு வந்தவள் நான். கீழே "பதிப்புரிமை உடையது, பிரதி செய்தல் சட்டப்படி குற்றம்" என்று எழுதியவன் நீ. அந்த வரியை வெட்டிவிட்டுத் தன் பெயரையும் கழுத்துப்பட்டி கட்டிய படத்தையும் ஒட்டியவர் செல்லசாமி சேர். அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தவர் ஹட்டனில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் ஸஜ்ஜாத். போன மாசி மாதம் என் தாளையே என் கையில் கொடுத்து, "நம்பி எடுத்துட்டுப் போங்க டீச்சர், பிள்ளைங்க அள்ளிக்கிட்டுப் போகுதுங்க. நீங்களும் இப்படி ஒன்னு எழுதலாமே, ஏன் சும்மா இருக்கீங்க?" என்றார். உன் புகார்ப் படிவத்தையும் அவரிடம்தான் அச்செடுத்தேன். "நல்லா வந்திருக்கு டீச்சர், ரெண்டு கொப்பி சேர்த்துப் போடவா?" என்று கேட்டார்.

மாசியில் அந்தத் தாளைப் பற்றி உன்னிடம் புலம்பியபோதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத தெரு ஒன்றை வேண்டுமென்றே வரைவார்களாம். திருடியவன் அந்தத் தெருவோடு மாட்டிக்கொள்வானாம். நீயும் ஒரு பிழையை வை, அக்கா, என்றாய். வைத்தேன். பதினேழாம் கேள்வி: இலங்கையில் மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம் எது? சரியான விடையான பட்டிப்பொல என்ற பெயரே இல்லாமல் மூன்று விடைகளைக் கொடுத்து, விடைத்தாளில் அம்பேவெல என்று எழுதினேன். என் வகுப்புக்கு மட்டும் வாயால் சரியான விடையைச் சொன்னேன். செல்லசாமி சேர் கையும் களவுமாகப் பிடிபட்டார். அன்று நீயும் நானும் போனில் எப்படிச் சிரித்தோம்!

ஆனால் அவரோடு அது நிற்கவில்லை. அவரிடமிருந்து நுவரெலியாவில் ஒருவர் எடுத்தார், அவரிடமிருந்து இன்னொருவர். இப்போது எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் நாலு பேர் பெயரில் நாலு வினாத்தாள் சுற்றுகிறது, நாலிலும் பதினேழு மட்டும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது. ஒரு தம்பி வீடியோவில் பாட்டாகவே பாடுகிறார், அம்பேவெல, அம்பேவெல என்று. என் பெயர் எங்கும் போய்ச் சேரவில்லை, என் பொய் மட்டும் எல்லா இடத்துக்கும் போய்விட்டது.

போன வெள்ளிக்கிழமை மாயாண்டி பாடசாலைக்கு வந்தார். என் வகுப்புக் கிருஷாந்தியின் அப்பா. பட்டிப்பொலயில் ரயில் பாதை வேலை, கிழமைக்கு ஒருதரம்தான் வீடு. மகளும் பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் அவள் படித்த வினாத்தாள், மறு கையில் போன், போனில் 'இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம்' என்று எழுதிய பட்டிப்பொல ஸ்டேஷன் பலகையின் படம்.

"டீச்சரம்மா, பதினாலு வருசமா இந்தப் பலகைக்குக் கீழ நின்னுதான் தேத்தண்ணி குடிக்கிறேன். எம் மக என்னான்னா, அப்பா, ஒங்க பலகை பொய் சொல்லுதுங்கிறா! நான் என்ன, இத்தன நாளா பொய்க்குக் கீழயா நின்னேன்?"

"நான் வகுப்பில் சரியாத்தானே சொன்னேன், கிருஷாந்தி?" என்றேன்.

"நீங்க வாயால சொன்னீங்க டீச்சர். இது அச்சுல இருக்கே" என்றாள் அவள்.

"யாருங்க இத எழுதுன மகராசன்?" என்றார் மாயாண்டி.

தம்பி, அரை வருடமாக என் பெயர், என் பெயர் என்று உன் உயிரை எடுத்தவள் நான். என் பெயரை ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு நாள்தான். நான் அவர் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பிக் காட்டி, "மேல போட்டிருக்கு பாருங்க, வலப்பனை செல்லசாமி சேர்" என்றேன்.

"அந்தாளு பட்டிப்பொல பக்கம் வரட்டும், பலகைய தலையில மாட்டி அனுப்புறேன்" என்று அவர் சிரித்தார். கிருஷாந்தி சிரிக்கவில்லை. அவளுடைய பையில் என் தாளும் இருந்தது. அதே பதினேழு, கீழே என் பெயர். அவள் அதை வெளியே எடுக்கவும் இல்லை.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரு புள்ளியில் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டு, டவுன் பாடசாலை கிடைக்காமல் இங்கேயே நின்றுபோன பிள்ளைகளை நான் வருடாவருடம் பார்க்கிறேன். அந்தக் கேள்வி வந்தால் எத்தனை பிள்ளைகள் அம்பேவெலயில் இறங்கப் போகிறார்களோ தெரியாது.

ஆனாலும் நியாயம் நியாயம்தான். நான்கு வருட உழைப்பை விட்டுக்கொடுக்க முடியாது. கையெழுத்திட்ட படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், கிடைத்த அன்றைக்கே அனுப்பிவிடு. பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் நோய்நொடியின்றி நல்லபடி இருக்க இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா,
பிரியந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் படிவத்தை இன்னொருமுறை வாசித்தேன். "இதிலுள்ள அனைத்தும் எனது சொந்தப் படைப்பு என உறுதியளிக்கிறேன்" என்று இருக்கிறது. வினாத்தாளின் மூன்றாம் பக்கத்து ரயில் படம் நான் வரைந்ததல்ல. இணையத்தில் எடுத்தது. அதன் மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அதன்மேல்தான் நம் பாடசாலைச் சின்னத்தை ஒட்டினேன். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். செல்லசாமி சேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

ஆகவே உறைக்குள் படிவத்தைத் தேடாதே. அது அடுப்புக்குப் போய்விட்டது. இன்னும் யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நாளைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லப் போகிறேன். ரயில் படத்தை எடுத்துவிட்டு, திருத்திய தாளை அன்றைக்கே தளத்தில் போடுவேன். நீ எழுதிய பதிப்புரிமை வரி அதில் இருக்காது. யாரும் பிரதி எடுக்கலாம், விற்கலாம், தம் படத்தை ஒட்டலாம். முதல் வரியை மட்டும் வெட்டக் கூடாது: "பதினேழாம் கேள்விக்குத் தெரிந்தே பிழையான விடை எழுதியவள் டயகம பிரியந்தி. சரியான விடை பட்டிப்பொல."

முதல் பிரதியைச் செல்லசாமி சேருக்கு அனுப்புகிறேன். மூன்று வாரத்துக்குள் இதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்க அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை.