ஸ்வெட்டர் அண்ணாத்தயும் ஒரு பருத்திப் பனியனும்

மே மாத மாமல்லபுரத்தில் குளிரில் பல் தந்தியடித்த ஒரே மனிதர் எங்கள் ஸ்வெட்டர் அண்ணாத்ததான். சந்தேகம் இருந்தால் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவருடைய சொந்தப் பெயரை மட்டும் கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது.

கடலுக்கடியில் மூழ்கி வேலை செய்வது அவர் தொழில். நான் கேளம்பாக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டு அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒருமுறை குளிர் நாடு ஒன்றில் மீன்பண்ணை வலைகளைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். நாற்பது நிமிடம் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது சோதனை. பன்னிரண்டாவது நிமிடமே நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இப்போது மறுபடி கூப்பிட்டிருந்தார்கள், இதுதான் கடைசி வாய்ப்பு என்றும் சொல்லிவிட்டார்கள்.

"மேல போடற ரப்பர் டிரஸ்ல தண்ணி வராது நைனா. ஆனா குளிரு வந்துகினே கீது. உள்ள இன்னா போடறோம்ன்றதுலதான் மேட்டரே" என்றார். அன்று ஆரம்பித்தது ஆராய்ச்சி.

தடிமனாக இருந்தால் சூடு என்று முதலில் முடிவு கட்டினார். மூன்று ஸ்வெட்டர், ரஜாய் மெத்தைப் போர்வையை வெட்டித் தைத்த ஒரு கோட்டு, அதற்கு மேல் ரப்பர் உடை. கடலில் குதித்தார். குதித்தாரே தவிர மூழ்கவில்லை. துணிக்குள் அத்தனை காற்று! இடுப்பில் கட்டிய ஈயக் கட்டிகளை மதிக்காமல் தக்கை மாதிரி மிதந்தார். யாரோ பாவம் என்று ஒரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்து கரையில் சேர்த்தார். "வுடுப்பா, நான் வேலையில கீறேன்" என்று இவர் வழியெல்லாம் கத்தியது வீணாய்ப் போனது.

அடுத்து மெல்லிய கம்பளி இன்னர், அதன் மேல் ஒரே ஒரு பஞ்சுக் கோட்டு, எல்லாவற்றுக்கும் மேல் அதே ரப்பர் உடை. மூழ்க முடிந்தது. ஆனால் நம் கடல் ரசம் மாதிரி சுடுகிறதே, குளிருக்கு எங்கே போவது? ஏலக்கூடத்து மீன்கார அக்காவின் பெரிய தொட்டியில் ஐஸை நொறுக்கிக் கொட்டிக் கழுத்தளவு உட்கார்ந்தார். நான் கடிகாரம் பார்த்தேன். பதினைந்தாவது நிமிடம் நடுக்கம். மறுநாள் கோட்டை மாற்றினார், அதே பதினைந்து. நான்கு நாள், நான்கு கோட்டு, பதினைந்து மட்டும் மாறவில்லை.

ஐந்தாம் நாள் அவர் தோற்றுப்போய் எழுந்து உடையைத் தளர்த்தியபோது அக்கா கழுத்துப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, அடியில பனியன் ஊறிப்போயி கீது?"

"வேர்வக்கா. வூட்லயே எல்லாத்தயும் மாட்டிகினு வெயில்ல வண்டி ஓட்டியாறேன்ல."

"பருத்தி ஈரமாச்சுன்னா குளிர ஒடம்போட ஒட்ட வெச்சிடும். ஐஸுல கை வெக்கறப்போ நான் துணி சுத்திக்கறனா? கழட்டு அத."

ஐஸில் நடுங்கியதைவிட அதிகமாக இதற்கு நடுங்கினார். மதுராந்தகம் ஏரியில் நீச்சல் பழகிய நாளிலிருந்து பனியனைக் கழற்றாத மனிதர். "பனியன் இல்லாம எப்டிக்கா மேல துணி போடறது?"

"அப்போ இங்கயே கெட."

மறுநாள் நிழலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துவிட்டு, வெறும் உடம்பில் கம்பளியை மாட்டினார். பதினைந்து தாண்டியது. இருபது. என்னால் உட்கார முடியவில்லை. முப்பதில் அக்கா ஏலத்தையே நிறுத்திவிட்டு வந்து நின்றார். நாற்பதாவது நிமிடம் ஐஸுக்குள்ளிருந்து நடுக்கமில்லாத குரல் வந்தது.

"நைனா, ஒரு டீ சொல்லு."

நான் டீ சொல்லவில்லை, தொட்டியைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர் நாட்டுக்குக் கிளம்பிய அன்று பனியனை மடித்து என் கையில் கொடுத்தார். "கூட இருந்தா போட்டுப்பேன். நீயே வெச்சிக்க."

சோதனையில் தேறிவிட்டார். அடுத்த வாரம் லீவில் வருகிறார். அந்தப் பனியனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் நான்கு தடவை அதைத் தொட்டுப் பார்க்கிறேன், ஈரமில்லாமல் இருக்கிறதா என்று.