அடிவாரம் போய்ச் சேராத கார்

ஏற்காடு,
நவம்பர் 9.

அன்புள்ள தம்பி ஜெப்சனுக்கு,

பென்னி அண்ணன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அண்ணி ஷெர்லினும் நலம். ஓசூரில் நீயும் சித்தியும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். சித்திக்காக மனப்பூர்வமாக, உனக்காகக் கடமைக்கு. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நம் பழைய கார் ரேஸ் கேமை நீயே பிரித்துத் திருத்தி அனுப்பினாயே, அதை ஒன்பது நாளாக ஆடிவருகிறேன். ஆடுகிறேன் என்பது கௌரவத்துக்காகச் சொல்வது. 1999-ல் சேலம் கம்ப்யூட்டர் சென்டரில் அதே கேமை நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் முடித்து முதலிடத்தில் பெயரை ஏற்றியவன் நான். மறுநாள் காலை அந்தப் பெயர் அங்கே இல்லை. கடைசியாக அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவன் நீ. கேட்டதற்கு, "கரண்ட் போச்சுங்ணா, தானா அழிஞ்சுபோச்சு" என்றாய். அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை என்று நான் அப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாகக் குடும்பத்தில் ஒருவரும் என்னை நம்பவில்லை. "அப்படியொரு ரெக்கார்டு நெசமாலுமே இருந்துச்சா கண்ணு?" என்று சித்தியே முகத்துக்கு நேராகக் கேட்டார். இப்போது நீயாகவே, "என் டைமை முந்திட்டீங்கன்னா கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிடறேனுங்ணா" என்று வாக்குக் கொடுத்ததால்தான் இந்த இழவைத் தொட்டேன்.

அந்தக் கேம் உனக்கு என்ன கெடுதல் செய்தது? பாலைவனத்தில் நேராகப் போகிற ரோடு. எதிரே ஒரு ஈ காக்கா வராது. அதை எடுத்துவிட்டு நம் மலை ரோட்டை வைத்திருக்கிறாய். இருபது கொண்டை ஊசி வளைவில் நான் பார்த்தவரைக்கும் எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன, மறுக்கவில்லை. மூடுபனியும் அப்படியே, முதல் நாள் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், பிறகு திரையையும் துடைத்தேன். இறங்கும்போது மூன்றாவதாக வருகிற பதினெட்டாம் வளைவில் ஒரு குரங்கு பானட்டில் ஏறி உட்கார்ந்து என்னையே முறைக்கிறது. அது என் ஜாடையில் இருப்பதாக உன் அண்ணி சொல்கிறாள். தற்செயல் என்பாய்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ரேஸ் ஏன் மேலிருந்து கீழே இறங்குகிறது? எதிரே பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் எல்லாம் ஏன் ஏறி வருகின்றன? எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பஸ் டிரைவர் தனபால். "ஏறி வர்ற வண்டிக்கு எறங்கறவன்தான் நிக்கோணும் சாமி, அவன் நின்னுட்டா மறுக்கா ஏத்தறது நொம்பக் கஷ்டம்" என்று சொல்லிச் சொல்லியே என் காலைப் பழக்கிவிட்டார். கீழ் வளைவில் பஸ்ஸின் தலை தெரிந்ததுமே விரல் தானாக பிரேக் பொத்தானுக்குப் போகிறது. ஓரம் கட்டி நிற்கிறேன், பஸ் போகிறது, பின்னால் லாரி, அதன் பின்னால் ஏழு வேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தத்தையும் ஏற்றி அனுப்பியிருக்கிறாய், பாவி.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த உன் அண்ணிக்கே பொறுக்கவில்லை.

"ஏனுங்க, பொம்மை பஸ்ஸுக்கு எதுக்குங்க வழி வுடறீங்க?"

"ஏறி வர்ற வண்டி அது."

"உள்ள ஆளே இல்லீங்களே."

"லோடு இருக்கும்."

"இடிச்சுட்டுப் போங்க. யாரு வந்து கேக்கப்போறா?"

இடிப்பதென்றே முடிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு வேகமாகப் போனேன். கண்ணைத் திறந்தால் ஓரமாக நிற்கிறேன். போதாததற்கு அந்த டிரைவருக்குக் கைகாட்டி, போங்க போங்க என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, அவள் சிரித்த பிறகுதான் கையை இறக்கினேன். உன் டைம் ஆறு நிமிடம். எனக்குப் பதினான்காம் வளைவு வருவதற்குள் பன்னிரண்டு நிமிடம் ஓடிவிடுகிறது, எரிச்சலில் அணைத்துவிடுகிறேன். ஒன்பது நாளில் ஒருமுறைகூட அதைத் தாண்டியதில்லை. என் சுபாவம் தெரிந்து வைத்த பொறி இது. எதிரே வருகிற வண்டிகளை எடுத்துவிட்டு வேறு அனுப்பு. இல்லையென்றால் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு என்னை எதிர்பார்க்காதே.

சித்திக்கு என் ஸ்தோத்திரம் சொல். கர்த்தர் உன்னைக் காப்பாராக. உன் மனசாட்சியையும் அவ்வப்போது தட்டி எழுப்புவாராக.

இப்படிக்கு,
முதலிடத்துக்கு இன்றும் உரியவனான
பென்னி.

பி.கு.: கவரை ஒட்டப் போனபோது உன் அண்ணி, "ஒருக்காகூட அடிவாரம் போய்ப் பாக்காம எப்புடிங்க இத்தனை திட்டி எழுதறீங்க?" என்றாள். வீம்புக்குப் போனேன். ஐம்பத்திரண்டு வண்டிக்கு நின்றேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. அடிவாரத்தில் திரையில் எழுத்து வந்தது: 'ஏறி வரும் வண்டிக்கு நின்றவர்களுக்கு, வண்டிக்கு ஒரு நிமிடம் கழிக்கப்படும்.' கழித்துப் பார்த்தால், கிளம்புவதற்குப் பதினான்கு நிமிடம் முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேனாம். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இந்தப் பூமியில் எனக்கு ஒருவனுக்கு மட்டுமே உதவக்கூடிய விதியை எழுதிவைத்திருக்கிறாய். இப்படி வரும் வெற்றியை மானமுள்ளவன் ஏற்கமாட்டான். உன் அண்ணி அதற்குள் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள், நான் தடுக்கவில்லை. கடிதத்தைத் திரும்ப எழுதப் பொறுமை இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். எல்லோர் முன்னாலும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், சித்தி மனசு சங்கடப்படும். என் காதில் மட்டும் சொல், போதும்.