எண்பது மதிப்பெண் தூக்கம்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா, பிறந்து ஐந்தே நாளான ஒரு பெண் குழந்தைக்கு ‘தூங்குடா கண்ணா’ என்று பெயர் எழுதிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். முத்திரையெல்லாம் ஒழுங்காகத்தான் குத்தியிருந்தார். மறுநாள் அந்தக் குழந்தையின் அப்பா வந்து குதித்த குதியில் ஜன்னல் கம்பியே ஆடிப்போயிற்று.

பாவம், மனுஷன் வேண்டுமென்றா செய்தார்? வீட்டில் எட்டு மாதப் பையன். ராத்திரி பூராவும் கொட்டக் கொட்ட முழித்திருப்பான்; பொழுது விடிந்து அப்பா ஆபீசுக்குக் கிளம்பினால் போதும், கும்பகர்ணனுக்கே அண்ணனாகிவிடுவான். அவனைத் தோளில் போட்டு நடந்து நடந்து, குமாஸ்தா போன வாரம் ஷேவிங் கிரீமில் பல் தேய்த்தார். நுரை நன்றாக வருகிறதே என்று சந்தோஷமும் பட்டார்.

“இன்னொரு தப்பு வந்தா வேலை போயிடும்” என்றார் பெரிய அதிகாரி. ஆனாலும் நிர்வாகத்துக்கும் ஈரம் உண்டே! ‘ஊழியர் உறக்க நல்வாழ்வுத் திட்டம்’ என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. ஊரெல்லாம் இப்போது அதுதான் மோஸ்தர். அதிகாரி முதல் கடைநிலை ஊழியர் வரை ஆளுக்கொரு கைக்கடிகாரம். எவ்வளவு தூங்கினோம் என்று அதுவே அளந்து, அதுவே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். எண்பது மதிப்பெண் வாங்க வேண்டும். வாங்காதவர்கள் விடியற்காலை நாலரைக்கு வந்து, தூங்குவது எப்படி என்ற வகுப்பில் உட்கார வேண்டும்.

குமாஸ்தா வாங்கியது ஒன்பது.

“ஒன்பதா? கழட்டி மேஜைல வெச்சாலே பதினஞ்சு வருமேய்யா!”

“பையன் தூங்கவே விடமாட்டேங்கறான் சார்.”

“பையன் திட்டத்துல இல்லை. வீட்டு விஷயத்தை ஃபைல்ல கலக்காதீங்க.”

“ஒரு வாரம் லீவு குடுங்க சார், தூங்கிட்டு வந்துடறேன்.”

“தூங்கறதுக்கெல்லாம் லீவு கிடையாது. மாசக் கடைசிக்குள்ள எண்பது வரணும். இல்லேன்னா வீட்டுக்கே அனுப்பிடுவேன், ஆற அமரத் தூங்கலாம்.”

வீட்டில் போய்ப் புலம்பினார். மனைவி கேட்டாள்: “ஏங்க, யாரு தூங்கறாங்கன்னு கடிகாரத்துக்குத் தெரியுமா?”

மறுநாள் காலை கடிகாரம் பையனின் தொடையில் ஏறியது. குமாஸ்தா முழுக்கைச் சட்டைக்கு மாறினார். மதிப்பெண் தொண்ணூற்றாறு! வகுப்பு தப்பியது, வேலையும் தப்பியது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

மாசக் கடைசியில் அதிகாரி கூப்பிட்டார். கையில் ஒரு வரைபடம்.

“தினமும் காலைல பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஆழ்ந்த உறக்கம். ஆபீஸ் நேரம்யா அது!”

குமாஸ்தா வரைபடத்தை உற்றுப் பார்த்தார். பொய் சொல்லவும் கொஞ்சம் தூக்கம் வேண்டுமே, அதுவும் கைவசம் இல்லை. “கடிகாரம் என் கையில இல்லை சார். பையன் தொடையில இருக்கு” என்று உடைத்துவிட்டார்.

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். தன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

“மெதுவாப் பேசும்யா. என்னோடது எங்க வீட்டு நாய் கழுத்துல இருக்கு. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணு ஓஞ்சா இன்னொண்ணு. நான் கண்ணை மூடி ரெண்டு மாசம் ஆச்சு.”

“மத்தவங்க சார்?”

“முதல் ஜன்னல் அம்மா மாமியாருக்குக் கட்டியிருக்கு. ரெண்டாம் ஜன்னல், மாத்திரை போட்டுத் தூங்கற சித்தப்பாவுக்கு. எல்லாம் எனக்குத் தெரியும், போ.”

குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரி வரைபடத்தின் ஓரத்தில், ‘கருவிக் கோளாறால் இரவு உறக்கம் பகல் உறக்கமாகப் பதிவாகியுள்ளது, திருத்தி வாசிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அலுவலகச் சராசரி தொண்ணூற்று நாலு என்று தலைமையகத்துக்கு அறிக்கை போயிற்று.

மூன்றாம் நாள் பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லோரையும் நிற்கவைத்து அதிகாரி உரக்க வாசித்தார்:

“தங்கள் ஊழியர்கள் தேவைக்கு மிஞ்சித் தூங்குவது அறிந்து பெருமகிழ்ச்சி அடைகிறோம். மேற்படி உபரித் தூக்கத்தைப் பொதுமக்கள் சேவைக்குப் பயன்படுத்தும் பொருட்டு, நாளை முதல் தங்கள் அலுவலகம் காலை ஐந்து மணிக்குத் திறக்கப்படும். இதைப் படித்தவுடன் அனைவரும் கைதட்டவும்.”

யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி முதல் ஜன்னல் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தாள். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து கைதட்டினார்கள்.