முடிச்சு போட்ட மூக்குக்கண்ணாடி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. முறையை மீறி எனக்குப் பழக்கமில்லை என்பதால், சுகம். உன் முதுகுவலி தேவலையா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று நான் கேட்டதாகவும் எடுத்துக்கொள்ளவும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தோடு வரும் அட்டைப்பெட்டியில் என் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதை உன் பீரோவில் வைத்துப் பூட்டு. உன் மருமகள், அதாவது என் மகள், இறுதியாண்டுப் பரீட்சையை எழுதி முடிக்கும்வரை யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடு. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்பாய். உன் அக்காளும் அதைத்தான் கேட்பாள். விஷயம் அவளுக்குத் தெரியாது என்பதால் இன்னும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீ. போன விடுமுறைக்கு வந்தவன் பிள்ளைக்கு ஒரு பேனா வாங்கித் தந்திருக்கலாம். மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தையும் ஒரு டப்பா மையையும் வாங்கித் தந்து, சும்மா டி-ஷர்ட்டில் அச்சடித்து விளையாடு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அவள் விளையாடவில்லை. கம்பெனி ஆரம்பித்துவிட்டாள். தொழிற்சாலை எங்கள் குளியலறை. அச்சடித்ததைக் காயப்போடும் இடம் என் கட்டிலுக்கு மேலே கட்டிய கொடி. மல்லாந்து படுத்தால் மூக்கில் மை ஒட்டுகிறது. சூடு காட்டினால்தான் மை துணியில் நிற்குமாம், ஆகவே இஸ்திரிப் பிரிவுக்கு உன் அக்காள் தலைவி. கல்யாணமான நாளிலிருந்து என் சட்டையில் காலரை மட்டும் இஸ்திரி போட்டு, மிச்சத்தை உடம்புச் சூடு பார்த்துக்கொள்ளும் என்று விட்டவள், இன்று முன்பின் தெரியாத பையன்களின் சட்டைக்கு நாள் முழுக்க இஸ்திரி போடுகிறாள்.

முதலில், யோசனை செய்யும் பூனை ஒன்றை வரைந்து அச்சடித்தாள். அதைப் பூனை என்று அவள் சொன்னாள். அவளுடைய தோழி கரடி என்றாள். உன் அக்காள், பிள்ளையின் மனம் நோகக் கூடாதே என்று, ரெண்டும்தான் தெரிகிறது என்றாள். ஒருத்தரும் வாங்கவில்லை. அத்தனையும் வீணாகிறதே என்று தினம் ஒரு பூனையை மாட்டிக்கொண்டு நான்தான் நடைப்பயிற்சிக்குப் போனேன். சனியன் இத்தோடு தொலைந்தது என்று நிம்மதியாகவும் இருந்தேன். அந்த நிம்மதியைக் கெடுத்தவனும் நான்தான்.

ஸ்கிரீன் என்று அவள் சொல்லும் அந்தச் சட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு பசையைத் தடவி இருட்டில் காயவைப்பார்கள். பிறகு படத்தை அதன்மேல் வைத்து பலமான விளக்கைக் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். நிழல் விழுந்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும், அந்த வழியாகத்தான் மை இறங்கும். இதெல்லாம் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று மத்தியானம் எனக்குத் தெரிந்ததெல்லாம், குளியலறையில் யாரோ ஒரு பலகையைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான். உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தாளாம். முகம் கழுவப் போகிறவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவான், அவன் எப்படி அதைப் படிப்பான்? சுவிட்சைப் போட்டேன். அவள் மாட்டியிருந்த விளக்கு சூரியனைக் கொண்டுவந்து உள்ளே விட்டதுபோல எரிந்தது. கண்ணாடியைப் பலகைமேல் வைத்தேன், முகத்தைக் கழுவினேன், விளக்கையும் மறந்து கண்ணாடியையும் மறந்து வெளியே வந்து, வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி இல்லாமல் கண்ணாடி தேடுவது எப்படிப்பட்ட உத்தியோகம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரியிலிருந்து வந்தவள் ஸ்கிரீனைத் தண்ணீரில் கழுவிவிட்டு, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதில் என் கண்ணாடி அச்சு அசலாக விழுந்திருந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அப்பா, முடிச்சுகூட விழுந்திருக்குப்பா" என்றாள்.

எந்த முடிச்சு என்று உனக்குத் தெரியும். கண்ணாடியின் கீல் உடைந்தபோது நானே நூலால் கட்டியது. இவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், இந்தக் கண்ணாடியோடு எங்கள் ஸ்கூலுக்கு வராதீங்கப்பா என்று அழுதிருக்கிறாள். நானும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போய், வேறு யாரோ ஒரு பிள்ளையின் டீச்சரிடம் இவளைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். அப்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஸ்கிரீனை வைத்தே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றாள். அதே முடிச்சு இப்போது கல்லூரி முழுக்க எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது. கம்பெனிக்கே 'முடிச்சு' என்று பெயர் வைத்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"அங்கிள், டி-ஷர்ட்டைப் பார்த்துக் கண்ணாடியிலயும் நூல் கட்டிக்கிட்டீங்களா? இந்த வயசுல சூப்பர் அங்கிள்."

தலைமை எழுத்தராக ஓய்வுபெற்றவன் நான். என் கையெழுத்தையே ஒருத்தனும் காப்பியடித்ததில்லை.

இதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பரீட்சை நெருங்குகிறது, புத்தகத்தின் மேல் மை டப்பா உட்கார்ந்திருக்கிறது. இந்த நேரத்தில் கல்லூரியின் பிரிவு உபசார விழாவுக்கு அவள் வகுப்பு மொத்தத்துக்கும் டி-ஷர்ட் கேட்டு ஆர்டர் வந்தது. வந்த அன்றே உன் அக்காள் சூடான இஸ்திரிப் பெட்டியை ஸ்கிரீன்மேல் வைத்துவிட்டாள். வலை உருகி ஓட்டையாகிவிட்டது. புது ஸ்கிரீன் செய்ய மறுபடி என் கண்ணாடி வேண்டும். அவள் கேட்கும் முன்பே அதை ஒளித்துவிட்டு, தொலைந்துவிட்டது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். முடிச்சில்லாத கண்ணாடி எங்களுக்கு எதற்கு என்று வகுப்புப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்களாம். பழைய டி-ஷர்ட்டைப் பார்த்துக் கையால் வரைந்து பார்த்தாள். பூனையை வரைந்த கைதானே, சைக்கிள் வந்தது.

எதுவும் சரிவரவில்லை. மறுபடியும் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த ஆர்டரை முடிக்க முடியலைன்னா எல்லாத்தையும் விட்டுடறேன்ப்பா. ஒழுங்கா பரீட்சைக்குப் படிக்கிறேன்."

நான் கேட்க நினைத்த வார்த்தை அதுதான், அவள் வாயாலேயே வந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இல்லாத அப்பா பாவம் என்று தினமும் காலையில் செய்தித்தாளை எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறாள். டெண்டர் அறிவிப்புகளைக்கூட விடாமல், எண்ணும் தேதியுமாகப் படிக்கிறாள். அது எனக்குப் பிடிக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். சத்தியமாகப் பிடிக்காது. ஆபீசில் கட்டாயம் என்பதால் படித்தேன். இருந்தாலும் அவள் குரலை நிறுத்த மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடி இன்னும் கொஞ்ச நாள் இந்த வீட்டில் இருந்தால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைக்கூட குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். வயிறு சரியில்லை என்று வெளியே சொல்லியிருக்கிறேன். பெண்ணின் நன்மைக்காகத்தான் இத்தனையும். மாமன் என்கிற முறையில் நீயும் உறுதியாக இருக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க. வெறுங்கையோடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இனிமேல் வெறுங்கையோடு மட்டும் வரவும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பின்குறிப்பு: கையெழுத்து மாறியிருப்பதைக் கவனித்திருப்பாய். கண்ணாடியைப் பெட்டியில் வைத்து ஒட்டிய பிறகுதான், மேலே விலாசம் எழுதக் கண் தெரியவில்லை என்பது தெரிந்தது. முன்பே அச்சடித்த சட்டைகளின் இஸ்திரியைப் பாதியில் விட்டுவிட்டு வர உன் அக்காள் மறுத்துவிட்டாள். உன் மருமகளைக் கூப்பிட்டேன். விலாசத்தை எழுதினாள், பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தாள். மாமாவுக்குக் கிட்டப்பார்வைதானேப்பா, இது அவருக்கு உதவாதே என்றாள். அவ்வளவுதான். பிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, செய்தித்தாளை விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை. பெட்டியை நானே பிரித்தேன். ஆகவே உனக்கு வந்திருக்கும் பெட்டியில் கண்ணாடி இல்லை, உன் அளவுக்கு ஒரு பூனை டி-ஷர்ட் இருக்கிறது. கண்ணாடி இப்போது விளக்குக்கு அடியில் கிடக்கிறது. முடிச்சு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது என்பதால் நானே வைத்தேன். ஒரு சட்டம் போதாது, வரும்போது இன்னும் இரண்டு வாங்கி வா. கண்ணாடி வேலையாக இருப்பதால் நான் சொல்லச்சொல்ல அவளே இதை எழுதுகிறாள். முன்பக்கங்களைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மாமா, அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். முன்பக்கங்களை நான் பார்க்கவே இல்லை. டெண்டர் அறிவிப்பு எனக்கும் பிடிக்காது.