சலவைச் சீட்டும் படிவம் ஏழும்

மனித குலம் தன் தளைகளை அறுத்தெறிய நடத்திய போராட்டங்களை வரிசையாக அடுக்கினால், எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது எங்கள் ‘கட்டற்ற கணினிச் சுயேச்சை ஆட்ட ரசிகர் மன்றம்’ நடத்திவரும் போராட்டம்தான். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. மன்றத்தின் செயலாளர் என்ற முறையில், முழுப் பொறுப்போடு சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பெரிய நிறுவனங்களின் தயவில்லாமல், ஒருவரோ இருவரோ வீட்டு மேசையில் உட்கார்ந்து உருவாக்கும் வீடியோ கேம்களைச் ‘சுயேச்சை’ ஆட்டங்கள் என்கிறோம். தேர்தலில் நிற்கும் சுயேச்சைகளுக்கு உள்ளதைப் போலவே இவற்றுக்கும் நல்லெண்ணம் நிறைய உண்டு, ஓட்டுதான் விழாது. யாருக்கும் தனிச்சொத்தாக இல்லாத, எவரும் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் ஓடும் கணினிகளைக் ‘கட்டற்ற’ கணினிகள் என்கிறோம். முன்னதைப் பின்னதில் ஓடவைப்பதே எங்கள் கொள்கை. ஓடவைப்பது என்ற சொல்லைக் கவனியுங்கள். விளையாடுவது பற்றி எங்கள் விதிமுறைகளில் ஒரு வரியும் கிடையாது.

மாதம் இரண்டு முறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடுவோம். கடைக்காரர்தான் தலைவர். சுவரில் கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை, மூலையில் கண்ணாடி வில்லை தேய்க்கும் இயந்திரம், நடுவில் ஒரு கணினி, சுற்றிலும் நாற்காலிகள். துணைத்தலைவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே நின்று சமாதானப்படுத்திப் பழகியவர் என்பதால், உறைந்துபோன கணினியிடமும் அதே குரலில்தான் பேசுவார். “பயப்படாதீங்க, வந்துட்டேன், எதையும் அழுத்தாதீங்க” என்பார். கணினியும் எதையும் அழுத்தாது.

ஒரு நல்ல கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? முதல் ஒரு மணி நேரம் ஆட்டத்தில் சத்தம் வராது. சத்தத்தை வரவழைத்ததும் படம் போய்விடும். படத்தைப் பிடித்து இழுத்துவந்தால் விசைப்பலகை வேலைநிறுத்தம் செய்யும். மூன்றையும் ஒரே சமயத்தில் உட்காரவைத்து, முகப்புத் திரை ஒழுங்காகத் தெரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவோம். பிறகு கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்தக் கைதட்டலில் உள்ள நிறைவு வெறுமனே விளையாடுகிறவர்களுக்கு ஏழு பிறவி எடுத்தாலும் கிடைக்காது.

இப்படிப்பட்ட மன்றத்தின் பார்வை ‘சலவைச் சீட்டு’ என்ற ஆட்டத்தின் மேல் விழுந்தது. அதை எழுதியவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கும் பெண். வேலைக்குப் போகும் முன் காலையில் இரண்டு மணி நேரம், விடுமுறை நாட்களில் முழு நேரம் என்று இரண்டரை வருடம் தனியாக உட்கார்ந்து அதை உருவாக்கியிருந்தார். ஒரு சலவைக்கடையில் யாரும் வாங்க வராமல் கிடக்கும் துணிகளின் பைகளைத் துழாவி, அவற்றில் கிடைக்கும் துண்டுச் சீட்டு, பொத்தான், சாவி ஆகியவற்றை வைத்து உரியவரைக் கண்டுபிடித்து ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். லினக்ஸில் மட்டும் அது ஓடாது.

விடுவோமா? மனு அனுப்பினோம். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். மனுவில் கையெழுத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. சுதந்திரத்தை நேசிக்கும் ஒருவனுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி எப்படிப் போதும்? அந்த அம்மாள் நம்பிவிட்டார். “எண்ணூறு பேர் காத்திருக்கும்போது முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை” என்று பதில் எழுதினார். அடுத்த எட்டு மாதம், ஒரு விடுமுறை நாளைக்கூட விடாமல், எங்களுக்காகவே அதை லினக்ஸுக்கு மாற்றி எழுதினார்.

வெளியான அன்று சிறப்புக் கூட்டம். பதினோரு பேர் வந்திருந்தோம். சிக்கல் வந்தால் சமாளிக்க லிஃப்ட் மெக்கானிக் ஒரு வாரத் துணிமணியோடு வந்திருந்தார். தலைவர் சுட்டியை ஒரு முறை அழுத்தினார்.

“என்ன ஆச்சு?” என்றார் தலைவர்.

“தொறந்துடுச்சு” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

“பிழை எதுவும் வரலையா?”

“வரலை.”

“சத்தம்?”

“வருது.”

“நல்லாப் பாருங்க. எங்கயாவது ஒரு மூலையில வந்திருக்கும்.”

“ஒரு சிவப்பு எழுத்துகூட இல்ல தலைவரே. நேரா ‘ஆரம்பிக்கலாமா’ன்னு கேக்குது.”

“நம்மையா கேக்குது?”

அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் இருமினார். இன்னொருவர் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். கடைசியில் லிஃப்ட் மெக்கானிக்தான் ஆட்டத்தை மூடி, மன்றத்தின் மானத்தைக் காப்பாற்றினார்.

“சும்மா தானாத் தொறக்கிற லிஃப்ட் கதவை நான் நம்பமாட்டேன். உள்ள லிஃப்ட் நிக்குதான்னு முதல்ல பாக்கணும்” என்றார்.

அந்த நிமிடமே மூவர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பொருள்: இந்த ஆட்டம் ஏன் திறக்கிறது? அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தொடர்ந்து மூன்று நாள் மதியம் நான் அந்தக் குழுவில் பணியாற்றினேன்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆட்டங்களில் ஆர்வம் இல்லாதவள் என்றே நினைத்திருந்தேன். என் கணினியில் ‘சலவைச் சீட்டு’ ஆட்டத்தின் முகப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, இது விளையாடுறதா, இல்ல தொறந்து பாத்துட்டு மூடுறதா?” என்று கேட்டாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் குழுவுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“முடிச்சுட்டேன்” என்றாள்.

“எதை?”

“ஆட்டத்தை. எல்லாத் துணியும் கொடுத்தாச்சு. கடைசியா ஒரு சட்டை மிஞ்சுது. அந்தச் சலவைக்கடைக்காரப் பொண்ணோட அப்பா சட்டை. அவரு இப்போ இல்ல. துவைக்கிறதா, அப்படியே மடிச்சு வைக்கிறதான்னு கேக்குது. துவைச்சா அவரு வாசனை போயிடும்ல? பத்து நிமிஷம் எதையும் அழுத்த முடியல.”

எனக்கு உற்சாகம் பொங்கியது. “பத்து நிமிஷமா? திரை உறைஞ்சு போச்சா?”

“திரைக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் உறைஞ்சு போயிட்டேன்.”

ஆட்டத்தை எழுதியவருக்கு நாலு வரி எழுத வேண்டும் என்றாள். தாராளமாக எழுதலாம், ஆனால் மன்றத்தின் கணினியில் ஓடிய ஆட்டம் பற்றிய எந்தக் கருத்தும் பிழை அறிவிக்கும் படிவம் ஏழின் வழியாகத்தான் போக வேண்டும் என்று விளக்கி, ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். “எப்படியாவது அவங்க கையில சேத்துடுங்க” என்றாள்.

படித்தேன். கணினியின் மாதிரி என்ற இடத்தில் ‘நம்ம வீட்டுக் கணினி’ என்று இருந்தது. லினக்ஸ் வகை: காலி. நிகழ்ந்த பிழை: ‘பிழை இல்லை. பாதியில் எழுந்துபோய் பீரோவில் என் அப்பாவின் சட்டையைத் தேடினேன்.’ அப்பிழையை மறுபடி வரவழைக்கும் வழிமுறை: ‘மறுபடி வராது. ஒரு தடவைதான்.’ பின்பக்கம் முழுக்க அந்த அம்மாளுக்கு எழுதியிருந்தாள். ‘நான் அந்தச் சட்டையைத் துவைக்கவில்லை. அந்த இடத்தில் இசையை நீங்கள் நிறுத்தியது சரி. பக்கத்தில் யாரோ பேசாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அப்பா போனதிலிருந்து எனக்கு அப்படி யாரும் உட்காரவில்லை. தயவுசெய்து அடுத்ததையும் எழுதுங்கள்.’

உருகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருகியது கணவன். செயலாளர் உருக முடியாது. லினக்ஸ் வகை குறிப்பிடப்படவில்லை. எழுதியவர் உறுப்பினர் இல்லை. பின்பக்கத்தில் எழுதக் கூடாது என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ‘முழுமையற்றது, திருத்தத்திற்காகத் திருப்பப்படுகிறது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய ஆள் அடுத்த அறையில்தான் இருந்தாள் என்றாலும், கூட்டத்தில் பதிவு செய்யாமல் எதையும் திருப்பக் கூடாது என்பது விதி. பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாளே நேரில் வந்துவிட்டார். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட். நாற்காலி போட்டும் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“ரொம்ப நேரம் எடுத்துக்கமாட்டேன்” என்றார். “ஃபோன்ல கேம் போடுற பெரிய கம்பெனி ஒண்ணு என்னை வேலைக்குக் கூப்பிடுது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

“அங்க என்ன வேலை?” என்றார் தலைவர்.

“அவங்க கேம்ல ஒரு காசுப்பெட்டி குலுங்கும். எவ்வளவு நேரம் குலுங்கினா ஆளுங்க மறுபடி அழுத்துவாங்கன்னு பாக்கணும். அதுதான் வேலை. சேர்ந்தா சொந்தமா எதுவும் எழுதமாட்டேன்னு கையெழுத்துப் போடணும். அடுத்த ஆட்டம் பாதி எழுதி வச்சிருக்கேன். தொடரணுமா, விட்டுடணுமான்னு தெரியல.” எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கடைசி வரைக்கும் யாராவது போனீங்களா? அந்தச் சட்டை... நான் நினைச்சது அங்க வந்திருக்கான்னு எனக்குத் தெரியணும். எண்ணூறு பேர் வேணாம். ஒருத்தர் போதும்.”

தலைவர் தொண்டையைச் செருமினார். “உங்க ஆட்டம் மூணே வினாடில தொறக்குது மேடம். இது சாதாரண விஷயமில்ல.”

“விசாரணைக் குழு அறிக்கை நாப்பது பக்கம்” என்றார் லிஃப்ட் மெக்கானிக். “ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியல. மனசாரப் பாராட்டுறோம்.”

“ரொம்ப நன்றி. விளையாடினீங்களா?”

“எல்லா ஃபைலையும் பிரிச்சு மேஞ்சுட்டோம்.”

“விளையாடினீங்களா சார்?”

லிஃப்ட் மெக்கானிக் சுவரிலிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முயன்றார். “அதை அடுத்த கட்டத்துல வச்சிருக்கோம்” என்றார்.

பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பொறுப்பாளர்களில் மீதியிருந்தது நான் ஒருவன்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவியின் படிவம் பையில்தான் இருந்தது. ஆனால் படிவங்கள் நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக இருந்தன, நாங்கள் இரண்டாவதில்தான் இருந்தோம். அவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே வண்டி இரண்டு முறை உதைத்த பிறகுதான் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை அவர் வேலையில் சேரச் சம்மதித்துவிட்டார் என்று தெரிந்ததும் மன்றம் கொந்தளித்தது. அவசரப் பொதுக்குழு கூடியது. முதல் முறையாக நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் கண் பரிசோதனை நாற்காலியிலும் ஒருவர் உட்கார்ந்தார். ‘சுதந்திரத்தைக் காசுப்பெட்டிக்கு விற்ற’ அந்தப் படைப்பாளியைக் கண்டித்துத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கையெழுத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. வாசகம் என்னுடையது. நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்த உரைநடை என்று தலைவர் சொன்னார். ‘அவரைத் தாங்கிப் பிடிக்க நாங்கள் இருந்தோம், அவர்தான் எங்களைக் கைவிட்டார்’ என்ற இடத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் மறுநாள் ஷிஃப்டுக்கான சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

“அவங்க கூட்டத்துக்கு வந்தாங்களா?”

“வந்தாங்க.”

“நேர்லயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எதுக்கு வந்தாங்க?”

“கடைசி வரைக்கும் யாராவது விளையாடினீங்களான்னு கேக்க. ஒருத்தர் போதும்னாங்க.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “என் கடுதாசி?”

“பையிலதான் இருந்துது. நீ லினக்ஸ் வகையை நிரப்பவே இல்லையே.”

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, “அவங்க அப்படிக் கேட்டப்போ நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?” என்றாள்.

“எழுதிட்டிருந்தேன்” என்றேன். “கூட்டத்துக் குறிப்பு.”

“என்னன்னு?”

“‘ஒருவரும் முடிக்கவில்லை’ன்னு.”