கண் துடைத்த துணி

"அண்ணே, அதைத் தூக்கிப் போடாதீங்க!"

குதிரை டாக்டர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்துக் குதிரைக்காரரின் கை குப்பைத் தொட்டிக்கு மேலே அப்படியே நின்றது. கையில் ஒரு பை. பைக்குள் ஒரு பழைய துணி.

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க? இதால தொடச்சுத் தொடச்சுத்தான் சீமாட்டிக்குக் கிருமி திரும்பத் திரும்ப ஒட்டுதுன்னு?"

"சொன்னேன்தான்."

"இப்பத்தான் கண்ணு ஆறிடுச்சே!"

அதுதானே பிரச்சினை என்று நாக்கு நுனி வரை வந்ததை டாக்டர் விழுங்கிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

லாயத்திலேயே தலைக்கனம் பிடித்த பெண் குதிரை என்பதால் அதற்குச் சீமாட்டி என்று பெயர். அதன் இடது கண்ணில் சீழ் வைத்தபோது போட்ட மருந்தெல்லாம் விழலுக்கு இறைத்த நீரானது. கண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக்கொண்டு டாக்டர் கால்நடை ஆய்வகத்துக்குப் போனார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண். மேலே தொப்பி, கீழே முகமூடி, நடுவில் மிச்சம் இரண்டு கண்கள். எத்தனையோ கண்களைப் பரிசோதித்தவர் அவர். இந்த ஜோடி அவரைப் பரிசோதித்தது.

அவள் ஒரு வட்டத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். கிருமி படர்ந்த பரப்பில் மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகள்.

"மருந்து வேலை செஞ்சா வில்லையைச் சுத்தி ஒரு வட்டம் காலியா இருக்கும் டாக்டர். இங்க பாருங்க, எல்லாத்தையும் ஒட்டி உரசிக்கிட்டு வளர்ந்திருக்கு. எதுக்கும் அசையாத ஜென்மம். இந்த ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுது. ஆமா, கண்ணை எதால தொடைக்கிறீங்க?"

அந்த ஒரு மருந்தும் அந்த ஒரு கேள்வியும் சீமாட்டியைக் காப்பாற்றின. டாக்டருக்குத்தான் ஆய்வகம் போகக் காரணம் இல்லாமல் போனது.

சும்மா போய் இரண்டு வார்த்தை பேசலாம்தான். ஆனால் குதிரையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விடுகிற மனிதர், பெண்களுக்கு முன்னால் தன் வாயைத் திறக்க மாட்டார்.

பஞ்சுக்குச்சியை அந்தப் பைக்குள் இருந்த துணியில் ஒற்றி எடுத்து, சீமாட்டியின் கண் மாதிரி என்று ஜன்னலில் நீட்டினார்.

"அச்சச்சோ, இன்னும் போகலையா?" புருவங்கள் முகமூடிக்கு மேலே நெளிந்தன. "நாளான்னைக்கு வாங்க."

நாளான்னைக்கு என்பது அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று டாக்டருக்கு அதுவரை தெரியாது. குளம்பைத் தூக்கிப் பார்த்தாலும் அங்கே கண்தான் தெரிந்தது.

போனார். கிருமி வளர்ந்திருந்தது. அடுத்ததும் துணியிலிருந்துதான். அதற்கு அடுத்ததும்.

"டாக்டர், சீமாட்டி கண்ணுல பருத்தியா வெளையுது?"

"இல்லையே. ஏன்?"

"மைக்ராஸ்கோப்புல நூல் நூலா என்னமோ தெரியுது."

"இ... இமை முடியா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்." பின்னால் குடுவை கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் அம்மாவுக்கு ஏனோ இருமல் வந்தது. "பக்கத்துக் கொட்டடிக் குதிரைங்களுக்கும் பரவியிருக்கான்னு பாத்துடலாம். மொத்தமா கொண்டு வராதீங்க. ஒவ்வொண்ணா கொண்டு வாங்க."

ஒவ்வொன்றாகக் கொண்டு போனார். எதிலும் ஒன்றும் வளரவில்லை. நோயே இல்லாத கண்ணில் குச்சியை நீட்டினால் எந்தக் குதிரை சும்மா இருக்கும்? ஒன்று சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தது. இன்னொன்று பாதத்தை மிதித்தது.

"கால்ல என்ன?" என்று கேட்டாள்.

கிருமியைப் பற்றி இல்லாத முதல் கேள்வி. இன்னொரு முறை கேட்பாள் என்றால் மற்றக் காலையும் மிதிக்கக் கொடுத்திருப்பார்.

ரிப்போர்ட்டின் நகல் லாயத்து முதலாளியம்மாவுக்கும் போகும் என்பதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

"டாக்டர், போதும்!" போனில் அந்த அம்மாள் அழாத குறை. "வெளியூர் சர்ஜனை வரச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வர்றார். அந்தக் கண்ணையே எடுத்துடலாம். உயிராவது மிஞ்சட்டும்."

"ஐயோ, வேண்டாம்மா! கண்ணு நல்லா..."

"குதிரைக்காரனும் அதைத்தான் சொல்றான். ரிப்போர்ட்டு அப்படிச் சொல்லலையே! நல்லா இருந்தா நீங்க ஏன் சாம்பிளைத் தூக்கிட்டு ஓயாம லேப்புக்கு ஓடுறீங்க?"

டாக்டரிடம் இருந்த பதிலைச் சொல்ல முடியாது.

சீமாட்டியின் முன்னால் போய் நின்றார். இடது கண் தெளிந்த கிணறு போல இருந்தது. அதற்குள் சின்னதாக அவரே நின்றார், தனியாக.

"உனக்குக் கண்ணா, எனக்கு ஜன்னலா?" என்று கேட்டார். சீமாட்டி அவர் சட்டையில் மூக்கைத் துடைத்தது.

துணியைப் பையோடு தீயில் போட்டார். முதல்முறையாகச் சீமாட்டியின் ஆறிய கண்ணிலிருந்தே மாதிரி எடுத்தார்.

"இதுல ஒண்ணும் வளராதுன்னு நினைக்கிறேன்" என்று ஜன்னலில் நீட்டினார்.

"அப்படியா?" அவள் குரல் இறங்கியது. "அப்போ... இனிமே உங்களுக்கு இங்க வேலை இருக்காதுல்ல?"

"இருக்காது."

இருவரும் அந்தக் குச்சியையே பார்த்தார்கள், அது ஏதாவது சொல்லும் என்பது போல.

திங்கட்கிழமைக்கு முன்பே ரிப்போர்ட் வந்துவிட்டது. ஜன்னலில் அவள் இல்லை. குடுவை கழுவும் அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். 'கிருமி வளர்ச்சி இல்லை.' டாக்டர் அங்கேயே நின்று அதைப் படம் எடுத்து முதலாளியம்மாவுக்கு அனுப்பினார். 'கடவுளே, நன்றி! சர்ஜனை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்' என்று உடனே பதில் வந்தது. சீமாட்டியின் கண் பிழைத்தது.

கண்ணாடி வழியே ஒருமுறை உள்ளே பார்த்தார். காலி முக்காலி. உறை போட்டு மூடிய மைக்ராஸ்கோப். நடுவில் வெற்று வட்டமாக விளக்கு வெளிச்சம். திரும்பி, மிதிபட்ட காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"சார், அடுத்த சாம்பிள் எப்போ?"

"இனிமே கிடையாதும்மா. சீமாட்டிக்குக் குணமாயிடுச்சு."

அந்த அம்மா உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"குதிரைக்குக் குணமானது எங்களுக்கு எப்பவோ தெரியும் சார். துணி தீந்துபோச்சான்னுதான் மேடம் கேக்கச் சொன்னாங்க."